மழை மாதத்தில் கப்சாய்: நனைந்ததா, கெட்டதா?

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் மலேசியாவில் எங்கள் லாபிஸில் மழை பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். எங்கள் ஜொகூர்ப் பக்கம் டிசம்பரும் ஜனவரியும்தான் மோசம். குளிர்நாட்டில் இருப்பவர்கள் பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிளைப் போர்த்திக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்களாம். இங்கே அது நடக்காது. விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட வேண்டும், சாயங்காலம் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வாசலில் நிற்கிற அந்த ஒரு கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்தான்.

தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது டவுன் ஓரத்தில் சின்னதாக ஒரு மோட்டார் கடை. மழை மாதத்தில் என்னிடம் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் நிறைய வண்டிகள் நனைந்திருக்கும், அவ்வளவுதான். நனைந்ததைக் கெட்டது என்று நினைத்துச் சாமான் மாற்றினால் காசு போகும். கெட்டதை நனைந்தது என்று விட்டுவிட்டால் செம்பனைக் காட்டு நடுவில் நிற்க வேண்டிவரும். அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "காய்ஞ்சா சரியாவுதா?"

ஹோண்டா ஈஎக்ஸ்5, வேவ் மாதிரி வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாத) வண்டிக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது, உயிர் வரவில்லை

"அண்ணே, நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நேற்று ராத்திரி மழையில் வந்து, சூடான எஞ்சினை அப்படியே கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இருபது முப்பது தடவை உதைக்காதீர்கள். ஐந்து தடவை உதைத்தும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். உள்ளே விரலை விட்டால் ஈரம் தெரிகிறதா? தண்ணீர் அங்கே தங்கினால் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாது; தொப்பியின் ஓரமாகவே எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடும். பழந்துணியால் உள்ளேயும், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் துடைத்து, நன்றாக ஊதிவிட்டு மாட்டி உதையுங்கள். மழை மாதத்துக் காலைகளில் இதிலேயே கதை முடிந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். தொப்பி வெடித்திருந்தால் நாளைக்கும் இதே கதைதான். அப்போது தொப்பியை மாற்றியே ஆக வேண்டும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லையா? இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயர் மேல் நீல நிறத்தில் மின்னல் பூச்சி மாதிரி ஊர்ந்தால் அங்கேதான் கசிவு. கை வைத்துப் பார்க்காதீர்கள், தூக்கி அடிக்கும்.

தொப்பி காய்ந்தும் வரவில்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை மூன்று விதமாக இருக்கலாம். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் உதைத்து உதைத்தே எண்ணெயை (பெட்ரோலை) நிரப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். துடைத்துக் காயவைத்து, பிளக் இல்லாமல் நாலு தடவை மெதுவாக உதைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, சோக் போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் ஒட்டியிருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்து வருகிறது. காய்ந்து கிடந்தால் எண்ணெயே வரவில்லை.

தண்ணீர் எங்கிருந்து கலக்கும்? ஈஎக்ஸ்5-இல் எண்ணெய்த் தொட்டி சீட்டுக்கு அடியில். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், சீட்டுக்கு அடியில் வழிகிற மழைத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். அதனால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு துளி உருண்டுகொண்டிருந்தால் குற்றவாளி அதுதான். சுத்தமான எண்ணெய் வரும்வரை வடியவிட்டுத் திருகை மூடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சி7எச்எஸ்ஏ மாதிரி பிளக்குக்கு முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. தேய்ந்து அகன்றிருந்தால் வெயில் காலத்தில் எப்படியோ ஓடிவிடும், ஈரக் காற்றில்தான் அடம் பிடிக்கும். பிளக் விலை பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட வராது. அக்டோபரிலேயே மாற்றிவிட்டு, பழையதைச் சீட்டுக்கு அடியில் ஸ்பேர் ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் பம்ப் ஒரு கணம் 'ங்ங்' என்று முனகும். அந்தச் சத்தம் இல்லையென்றால் பிளக்கை நோண்டாமல் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2 காட்டினால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.5-க்கு மேல் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பேட்டரியை மாற்றியும் பயன் இல்லை, கோளாறு சார்ஜ் ஆகும் பக்கம் இருக்கிறது.

தண்ணீரைத் தாண்டும்போது நின்றுவிட்டது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற தொந்தரவெல்லாம் துணியாலும் பத்து இருபது வெள்ளியாலும் தீரும். இது எஞ்சினையே கேட்கும்.

நின்ற இடத்தில் உதைக்காதீர்கள். செல்ஃப் பட்டனையும் தொடாதீர்கள். காற்றுப் பெட்டி வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. அப்போது கனெக்டிங் ராட் வளையும். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தம்பி இப்படித்தான் ஆத்திரத்தில் எகிறிக் குதித்து உதைத்துவிட்டு, "கிக்கர் இறங்க மாட்டேங்குதுண்ணே" என்று வந்தான். எஞ்சினைப் பிரித்ததும் ராட்டைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான்.

வண்டியை மேட்டுக்குத் தள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்துவிட்டு, கையாலோ காலாலோ கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே போயிருக்கிறது. வெறும் காற்று வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிறகு காற்றுப் பெட்டி. ஈஎக்ஸ்5-இல் அது ஹேண்டலுக்குக் கீழே, முன்கவருக்குள் உயரத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். நடுவிலோ சீட்டுக்கு அடியிலோ பெட்டி வைத்த வண்டிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபில்டர் நனைந்திருந்தால் கழற்றிக் காயவையுங்கள். காகித ஃபில்டர் ஊறிப்போனால் மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்து மினியாக் ஹித்தாமை (எஞ்சின் எண்ணெயை) பாருங்கள். பால் கலந்த மாதிரி நிறம் மாறியிருந்தால் அந்த எஞ்சினை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. முழுதும் வடித்து, மலிவான எண்ணெய் ஊற்றி, ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு, பிறகு நல்லதை ஊற்றுங்கள். ஒரே தடவை மாற்றினால் மூலைமுடுக்கில் தங்கிய தண்ணீர் புது எண்ணெயையும் கெடுத்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் வரை இறங்கலாம் என்று கேட்பார்கள். என் கணக்கு: சக்கரத்தின் நடு அச்சை எட்டும் தண்ணீரில் கப்சாயை இறக்காதே. அதற்குக் கீழே என்றால் ஒன்றாம் கியரில், எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) ஒரே சீராகப் பிடித்து, நடுவில் கியர் மாற்றாமல், நிறுத்தாமல் போக வேண்டும். எண்ணெயைக் குறைத்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறப் பார்க்கும். ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கணுக்கால் அளவே இருந்தாலும், கலங்கி ஓடினால் கீழே சடக்கு (ரோடு) இருக்கிறதா, அதன் அடியில் தண்ணீர் போகிற குழாய் அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. 2011 ஜனவரியில் சிகாமட் மூழ்கியதையும், 2023 மார்ச்சில் மறுபடி வெள்ளம் வந்ததையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குத் தாமதமானதற்கு மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) திட்டினால் திட்டட்டும்.

இன்னொன்று. வெள்ளத் தண்ணீரில் நின்று தள்ளியவர்கள் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாக ஏறும். சில நாளோ சில வாரமோ கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்றதை கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

மினியாக் ஹித்தாம் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கிறது, ஆனால் வண்டி வெள்ளத்தில் இறங்கவே இல்லை

அளவுக் குச்சியில் வெளிறிய நுரை ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது: "வீட்டுலேர்ந்து வேலைக்கு எவ்வளவு தூரம்?" லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) ஸ்டோருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், திரும்ப ஒன்றரை. எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்தியாகிவிட்டது. ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். சூடு போதாததால் அது ஆவியாகிப் போகாமல் எண்ணெயோடு கலந்து நுரைத்துவிடும்.

நுரை மூடியிலும் குச்சியின் மேல்பகுதியிலும் மட்டும் இருந்து, கீழே எண்ணெய் கறுப்பாகத் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் சிகாமட் பக்கமோ யோங் பெங் பக்கமோ அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள், மறைந்திருக்கும். அடிவரை முழுதும் பால் கலந்த மாதிரி இருந்தால் உடனே மாற்ற வேண்டும். குட்டை ஓட்டம் ஓடுகிற வண்டிக்கு மழை மாதத்தில் வழக்கமான தவணைக்கு முன்பே எண்ணெயை மாற்றுவது என் பழக்கம்.

மாற்றும்போது ஒரு லிட்டர் டப்பா வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். 100 சிசி கப்சாய்க்கு முக்கால் லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுத்துப் பாருங்கள்; திருகிப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

பிரேக் அழுத்தினால் பிடிக்கவில்லை. அல்லது காலையில் 'வெடுக்'கென்று பிடிக்கிறது

இரண்டும் டிரம் பிரேக்கின் ஈரக் குணம். தண்ணீரைத் தாண்டியதும் டிரம்முக்குள் ஈரம் தங்கி, ஷூ வழுக்கும். தாண்டியவுடன் பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி நூறு இருநூறு அடி போங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும், பிடிப்பு திரும்பும். இதைச் செய்யாமல் முதல் வளைவில் போய்த்தான் பிரேக் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

காலையில் வெடுக்கென்று பிடிப்பது ராத்திரி டிரம்மில் படர்ந்த மெல்லிய துரு. முதல் நாலைந்து அழுத்தலில் தேய்ந்து போய்விடும். வெளியே கிளம்புமுன் லயத்து வாசலிலேயே நாலு தடவை அழுத்திப் பாருங்கள். செம்மண் ஈரச் சடக்கில் முன்பிரேக் அப்படிப் பிடித்தால் முகம்தான் முதலில் இறங்கும்.

காய்ந்த பிறகும் பிடிக்கவில்லையா? பின்சக்கரத்து பிரேக் கை பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். முழுக்க அழுத்தும்போது அது எல்லைக்கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. டபிள்யூடி-40 அடித்தால் சரியாகுமா என்று ஒரு அக்கா கேட்டார். ஐயோ, வேண்டாம்க்கா. அது ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. பிளக் தொப்பிக்கும் சுவிட்சுக்கும் நல்லது. பிரேக்கில் பட்டால் எண்ணெய் தடவின மாதிரி.

செயின் கரகரவென்று கத்துகிறது

மழை எண்ணெயைக் கழுவிவிடும், செம்மண் அந்த இடத்தில் உட்காரும், இரண்டும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். மூடிய செயின் கவர் உள்ள வண்டிக்காரர்கள் உள்ளே ஒன்றும் போகாது என்று நினைக்கிறார்கள். போகும், போனது வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே கிடக்கும். கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் செயினைத் தூக்கிப் பாருங்கள். ஏறி இறங்குவது 25 முதல் 35 மி.மீ. வரை இருந்தால் பல கப்சாய்களுக்குச் சரி. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. மண்ணைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு கியர் எண்ணெய் விடுங்கள், சாயங்காலமே விடுங்கள், ராத்திரி முழுக்க ஊறட்டும். வடித்த பழைய மினியாக் ஹித்தாமைச் செயினுக்கு ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. துருவுக்கு அது பரவாயில்லை, மண்ணை இழுத்துச் சேர்ப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொங்கலாகவும் இருந்தால் எண்ணெயால் ஆகாது. செயினையும் பல்சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

லைட், சிக்னல், ஹாரன் தன் இஷ்டத்துக்கு நடக்கின்றன

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, மின்சாரக் கோளாறு அந்த ஜாதி. வெயில் அடித்த மத்தியானம் எல்லாம் எரியும், சாயங்காலம் கைவிடும்.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும்போது ஹெட்லைட் மங்கி, எண்ணெய் கொடுத்தால் பிரகாசிக்கிறது என்றால் பழைய கப்சாய்க்கு அது நோய் இல்லை. அவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் நேராக எஞ்சின் காயிலிலிருந்து எரிகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் வெளிச்சமும் மெதுவாகத்தான் வரும். முழுவதும் எரியாமல் போனால்தான் பிரச்சினை. பகலிலும் மோட்டாருக்கு ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டுச் சட்டம். சம்மனை விடுங்கள், மழைத் திரைக்குள் எதிரே வருகிற செம்பனைக் குலை லாரிக்காரன் உங்களைப் பார்ப்பதே அந்த ஒரு வெளிச்சத்தால்தான்.

காய்ந்தால் சரியாகி, நனைந்தால் போகிறதென்றால் பல்பை மாற்றாதீர்கள். ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் ஒயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள்; பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருக்கும். சுரண்டி, துடைத்து, சிலிகான் கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். பிரேக் அழுத்தாமலே பின்லைட் சிவந்து எரிந்தால் கால் பிரேக்கின் சுவிட்ச் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் சிகரெட் தாள் சுற்றி மாட்டுகிற வித்தையைக் காட்டாதீர்கள். ஒயர் எரிந்து வண்டி கருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

நேராகப் போகும்போதே பின்சக்கரம் வழுக்குகிறது

டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டுக் கோடு டயரின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று சிலர் வேண்டுமென்றே இறக்குகிறார்கள். தார்ச்சடக்கில் அது தண்ணீரை வெளியே தள்ள விடாது. கூடவே பின்னால் ஆள் உட்கார்ந்தால் வளைவில் டயர் நெளியும்.

டயர் நன்றாக இருந்தும் வழுக்கினால் காரணம் சடக்கில் இருக்கிறது. குலை லாரி குலுங்கிப் போகும்போது உதிரிப் பழங்கள் விழுந்து, பின்னால் வரும் டயர்கள் அவற்றை நசுக்கும். வெயில் நாளில் அது வெறும் ஆரஞ்சுக் கறை. முதல் மழை பெய்த பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு அது எண்ணெய்ச் சட்டி. ஆலைக்குத் திரும்பும் முனைகளில் இது அதிகம். லாரி வேகம் குறைத்துத் திரும்புகிற இடம் அது. அந்த முனைக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, முனையில் பிரேக்கைத் தொடாமல், லாரி டயர்த் தடத்தை விட்டு விலகிப் போங்கள். அரை மணி நேரம் கொட்டிவிட்ட பிறகு சடக்கு ஓரளவு கழுவப்பட்டிருக்கும். மழை பிடித்ததும் உடனே கிளம்பி ஓடாமல் ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். எதிர்க்கடைக் கோப்பியில் எனக்குக் கமிஷன் இல்லை.

வடிகால் மேல் போட்ட இரும்புத் தகடு, சடக்கில் அடித்த வெள்ளைக் கோடு, பாலத்துப் பலகை ஆகிய மூன்றிலும் ஹேண்டலைத் திருப்பாமல் நேராகவே தாண்டுங்கள்.

ஹெல்மெட் கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியவில்லை

வெளியே தண்ணீரா, உள்ளே மூச்சா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்க மங்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு தடவி, தண்ணீர் விடாமல் மெல்லிய துணியால் கண்ணாடி தெளியும்வரை துடைத்துவிடுங்கள்; போக வர ஒரு நாள் தாங்கும். கீறல் விழுந்த கண்ணாடி ராத்திரி லாரி வெளிச்சத்தை நட்சத்திரமாக உடைத்துக் காட்டும், அதற்குச் சோப்பு உதவாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விடியற்காலையில் போகிற தம்பிகளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்கோட்டு போட்டும் ஓட்டமே சரியில்லை, பக்கவாட்டில் இழுக்கிறது

போர்வை மாதிரி மேலே மாட்டுகிற மலிவுக் கோட்டு காற்றில் பாய்மரம் ஆகிவிடும். வண்டியில் கோளாறு இல்லை. அதன் ஓரம் பின்சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பின்னால் உட்காருகிற அம்மாக்களின் சேலைத் தலைப்புக்கும் இதே ஆபத்துதான். சட்டையும் காற்சட்டையுமாகத் தனித்தனியே இருப்பதை வாங்குங்கள், சாம்பல் நிறத்தை விட்டுவிட்டு மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள்.

மழையே பெய்யாத நாளிலும் காற்சட்டை பின்னால் நனைகிறது

சிரிக்காதீர்கள், இதற்கும் ஆள் வருகிறார்கள். சீட்டுத் தோல் விரல் நீளம் கிழிந்தாலே உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் உட்கார்ந்ததும் பிழிந்து கொடுக்கும். மேலே பிளாஸ்டிக் பை மாட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் அழுகி நாறும். சீட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் வடிகால் துளைகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் குத்திவிட்டு, இரண்டு நாள் அடுப்பங்கரை ஓரம் நிமிர்த்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு புதுத் தோல் போடக் கொடுங்கள். ஈரத்தோடு தோல் போட்டு வாங்கியவர் ஒருவர் மறுவாரமே திரும்பி வந்தார், தோலைப் பிரித்தபோது உள்ளே காளான் முளைத்திருந்தது.